ஐந்தாம் வழிக்கு ஒற்றைச் சக்கரம்

என் மனைவி தன் சைக்கிளை விற்கப் போகிறாள் என்பதை எனக்குச் சொன்னது சைக்கிள் கடை மெக்கானிக். அதுவும் என் பின்சக்கரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஊர்க்கதை பேசுகிற தோரணையில் சொன்னார். கடைச் சுவரில் இருந்த பலகையில் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு குத்தியிருந்தது. பெண்கள் ஓட்டும் சைக்கிள், வாங்கி ஏழு மாதம், பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வரலாம். கீழே எங்கள் வீட்டுத் தொலைபேசி எண்கூட இல்லை, அவளுடைய கைபேசி எண்தான் இருந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் சாதாரண ஆள் இல்லை. 'கடலோரம் பன்னிரண்டு சைக்கிள் வழிகள்' என்ற புத்தகத்தை எழுதியவன். நில அளவை அலுவலகத்தில் குமாஸ்தா வேலை வயிற்றுக்கு, புத்தகம் பெருமைக்கு. சைக்கிள் சங்கத்தில் என்னைக் கடலோர மன்னர் என்று கூப்பிடுவார்கள். பாதிப் பேர் கிண்டலுக்குத்தான் சொல்கிறார்கள், மீதிப் பேரை நம்பிக் காலம் தள்ளுகிறேன். இரண்டாம் பதிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. இந்த நேரத்தில் மன்னர் வீட்டிலிருந்தே ஒரு சைக்கிள் விலைக்கு வந்தால் மானம் கப்பலேறாதா?

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நாற்பத்திரண்டு வயதில் சைக்கிள் பழகினாள். நாள் முழுக்க அடுத்தவர் எலும்பைப் பார்ப்பவளுக்குக் கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று நன்றாகத் தெரியும், தெரிந்தும் பழகினாள். முதல் மாதம் எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டியை மூன்று முறை இடித்தாள். நான்காம் மாதம் சந்தைக்குப் போய் இரண்டு பை நிறையக் காய்கறியோடு திரும்பி வந்து, வாசலில் நின்று மணியடித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சிரிப்பை அவள் முகத்தில் நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அதனால்தான் அந்தச் சீட்டு என்னை அப்படிச் சுட்டது.

சமையலறையில் வைத்துக் கேட்டேன். பாத்திரம் கழுவுகிற கையை நிறுத்தாமல் சொன்னாள். நான் அலுவலகத்தில் இருந்தபோது, அவளுடைய விடுமுறை நாள்களில், என் புத்தகத்தைக் கைப்பிடியில் கட்டிக்கொண்டு ஐந்தாம் வழியில் மூன்று தடவை போயிருக்கிறாள். மூன்று தடவையும் முடிக்க முடியாமல் பஸ்ஸில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு திரும்பியிருக்கிறாள்.

"நீங்க அதுக்கு ஒத்தச் சக்கரம் போட்டிருக்கீங்க. யாரு வேணாலும் ஓட்டலாம்னு எழுதியிருக்கீங்க. அந்த யாருல நான் சேர்த்தி இல்ல போல. விட்டுடுங்க, நமக்கு வராததைப் பிடிச்சுத் தொங்கக் கூடாது."

சக்கரம் என்பது புத்தகத்தில் நான் கண்டுபிடித்த குறி. ஒரு சக்கரம் என்றால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், இரண்டு என்றால் பழக்கம் வேண்டும், மூன்று என்றால் காலில் நல்ல தெம்பு வேண்டும். மூன்று சக்கரத்தைக் குழந்தைக்கு ஏற்றது என்று நினைத்துக் குடும்பத்தோடு கிளம்பிப்போன ஒருவர் எனக்கு எழுதிய கடிதத்தைச் சபையில் படிக்க முடியாது. ஐந்தாம் வழி ரயில் நிலையத்தில் தொடங்கித் தெற்கே கலங்கரை விளக்கத்தில் முடிகிறது. நாற்பத்தாறு கிலோமீட்டர், மேடு பள்ளமே இல்லாத தார்ச்சாலை. 'நினைத்தாலே சைக்கிள் ஓடும்' என்று அதற்கு எழுதியிருந்தேன்.

அவளைத் தேற்றியிருக்கலாம். நான் பாடம் எடுத்தேன். இருக்கையின் உயரம் தப்பு, கியர் மாற்றும் நேரம் தப்பு, முன்பாதத்தால் மிதிக்காமல் குதிகாலால் மிதிப்பது பெரும் தப்பு. ஞாயிற்றுக்கிழமை நானே கூட வந்து எல்லாவற்றையும் சரிசெய்து தருவதாகப் பெருந்தன்மையோடு அறிவித்தேன். கடைசியாக ஒருமுறை ஓட்டின மாதிரி இருக்கட்டும் என்று அவளும் சம்மதித்தாள்.

காலை ஏழு மணிக்கு ரயில் நிலையத்திலிருந்து கிளம்பினோம். முதல் எட்டு கிலோமீட்டருக்கு இரண்டு பக்கமும் மரம். நான் முன்னால் போய்க்கொண்டு, கழுத்தைத் திருப்பித் திருப்பி அவளுக்குக் குதிகாலைப் பற்றி எடுத்துச் சொன்னேன். அவள் ஒரே வேகத்தில் மிதித்துக்கொண்டு வந்தாள். மூச்சை மிச்சம் பிடிக்கிறாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

கழிமுகத்துப் பாலம் ஏறியதும் மரம் முடிந்தது. யாரோ நெஞ்சில் கை வைத்து நிறுத்தியது போல இருந்தது. தெற்கிலிருந்து வருகிற காற்றைத் தென்றல் என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவர் நிச்சயம் சைக்கிள் ஓட்டியவர் இல்லை. பாலத்துக்கு அப்பால் உப்பளம், உப்பளத்துக்கு அப்பால் அடப்பங்கொடி படர்ந்த மணல்வெளி, ஒதுங்க ஒரு சுவர்கூடக் கிடையாது. கியரை இறக்கினேன். இன்னொன்று இறக்கினேன். அதற்குமேல் இறக்கக் கியர் இல்லை. இன்றைக்கு ஏதோ காற்று அதிகம் போலிருக்கிறது என்று சத்தமாகச் சொன்னேன். எப்பவும் இப்படித்தான் என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

பதினைந்தாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டும்போதுதான் எனக்கு ஐஸ் வண்டி ஞாபகம் வந்தது.

இந்த வழியை அளக்கப் போன அன்று என்னைக் கலங்கரை விளக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டது இவளுடைய தம்பி. அவன் மீன்பிடித் துறைக்கு ஐஸ் ஏற்றிப் போகிறவன், எப்படியும் அந்தப் பக்கம் போகிறேன், வாங்க மச்சான் என்று ஏற்றிக்கொண்டான். அங்கிருந்து வடக்கே வந்தேன். இரண்டே மணி நேரத்தில் ரயில் நிலையம், மதியச் சாப்பாட்டுக்கு வீடு. ஆனால் புத்தகம் வாங்குகிறவர்கள் ரயிலில் வந்து இறங்குகிறவர்கள். அவர்களுக்கு நிலையத்திலிருந்து தொடங்கினால்தானே வசதி? ஆகவே மேஜையில் உட்கார்ந்து வழியைத் திருப்பிப் போட்டேன். அதை ரொம்பக் கவனமாகச் செய்தேன். ஒவ்வொரு இடது திருப்பத்தையும் வலது ஆக்கினேன். வலது கைப்பக்கம் இருந்த கடலைத் தூக்கி இடது கைப்பக்கம் வைத்தேன். காற்றைப் பற்றி மட்டும் என் குறிப்பேட்டில் ஒரு வரி இல்லை. முதுகில் அடிக்கிற காற்று யாருக்கும் தெரியாது, அதை நம் கால்பலம் என்றுதான் நினைத்துக்கொள்வோம்.

உடனே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எப்படியாவது முக்கி முனகி முடித்துவிட்டால் ஒற்றைச் சக்கரம் ஒற்றைச் சக்கரமாகவே இருக்கும், அச்சகத்துக்கும் தொந்தரவில்லை, சங்கத்திலும் தலை நிமிர்ந்து நிற்கலாம் என்று கணக்குப் போட்டேன். அவள் சைக்கிள் போனால் போகட்டும் என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றும் எனக்கு வெட்கம்தான்.

என் கணக்கு இருபத்துநாலாவது கிலோமீட்டரில் கிழிந்தது. ஐஸ் தொழிற்சாலைக்கு எதிரே ஒரு பஸ் நிறுத்தம், தகரக் கூரை, சிமெண்ட் பெஞ்சு. தொடை இரண்டும் என் பேச்சைக் கேட்க மறுத்தன. சங்கிலி கழன்ற மாதிரி இருக்கிறது என்று சொல்லி இறங்கிக் குனிந்தேன்; நிமிர முடியாமல் அப்படியே பெஞ்சில் விழுந்தேன். அவள் சங்கிலியைப் பார்த்தாள். அது ஒழுங்காகத்தான் இருந்தது. தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"இங்கயேவா? நான் முதல் தடவை முப்பத்தொண்ணுல இறங்கினேன். அப்புறம் முப்பத்தஞ்சு. போன வாரம் முப்பத்தொம்பது."

இதை அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. எக்ஸ்ரே அறையில் ஆளை நிறுத்தி, மூச்சைப் பிடிங்க, விடுங்க என்று சொல்வாளே, அதே குரல். அதற்குமேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. ஐஸ் வண்டி, மேஜை, திருப்பிப் போட்டது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இந்தப் பக்கமாக அந்த வழியை என் வாழ்நாளில் இன்றைக்குத்தான் முதல் தடவை ஓட்டுகிறேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப இந்தக் காத்து என்னோட தப்பு இல்ல."

"இல்ல."

"முப்பத்தொம்பது வரைக்கும் நான் இதை எதிர்த்துப் போயிருக்கேன்."

"போயிருக்க."

"வீட்டுக்கு வந்து, நம்மால முடியலையேன்னு ராத்திரி அழுதேன். பக்கத்துல குறட்டை விட்டுட்டுப் படுத்திருந்தீங்க."

பாட்டிலை என் கையிலிருந்து வாங்கித் தன் சைக்கிளில் செருகினாள். ஏறினாள். குதிகாலாலேயே மிதித்துக்கொண்டு போனாள். நான் கூப்பிட்டதைக் காற்று என் வாய்க்கே திருப்பித் தந்தது.

ஒரு மணி நேரம் கழித்துக் கலங்கரை விளக்கத்துக்குப் போகிற பஸ் வந்தது. கண்டக்டர் என் சைக்கிளைப் பின்பக்கம் ஏற்றிக் கட்டிவிட்டு, நான் அந்த எக்ஸ்ரே அம்மாவின் வீட்டுக்காரரா என்று விசாரித்தார். அந்த அம்மா ரொம்ப அழுத்தமானவங்க, எவ்வளவு முடியாமல் போனாலும் பஸ்ஸுக்குக் கைகாட்டும்போது நேராக நின்றுதான் காட்டுவாங்க என்று சொன்னார். நான் பெஞ்சில் படுத்துக்கொண்டே கைகாட்டியதை அவர் பார்த்திருந்தார். முப்பத்துநாலாவது கிலோமீட்டரில் பஸ் அவளைத் தாண்டியது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் கையாட்டினார்கள். நான் சீட்டுக்குக் கீழே எதையோ தேடுகிறவன் போலக் குனிந்துகொண்டேன்.

கலங்கரை விளக்கத்தின் அடியில் காத்திருந்த நேரத்தில் பதிப்பாளருக்குப் போன் செய்தேன். ஐந்தாம் வழிக்கு மூன்று சக்கரம் போடச் சொன்னேன். அது ஒன்று மட்டும்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. நாற்பதைத் தாண்டியிருப்பாளா, இல்லை எங்காவது நின்றிருப்பாளா என்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் புத்தகத்தைப் பற்றி அந்த நேரத்தில் ஒரு நினைப்பும் இல்லை. வளைவில் அவள் தலை தெரிந்தபோது எனக்குக் கண் கலங்கியது, அது காற்றால் இல்லை.

நேராக வந்து, இறங்கி, கலங்கரை விளக்கத்தின் சுவரை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள். முகமெல்லாம் உப்பு. படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடித்தபின்தான் பேசினாள்.

"பன்னெண்டுல எத்தனை மேஜையில திருப்பினது?"

"ஏழு."

நான் மறுபடி கைபேசியை எடுத்துப் பதிப்பாளருக்கு அடித்தேன். அச்சை நிறுத்துங்கள், ஏழு வழிகளையும் ஒருவர் ஓட்டிப் பார்த்தபின் அனுப்புகிறோம் என்றேன். யார் ஓட்டுவது என்று கேட்டார். என் மனைவி என்றேன். மறுமுனையில் அவர் நிம்மதியாக மூச்சுவிட்டது எனக்குக் கொஞ்சம் வலித்தது.

நான் வைப்பதற்குள் அவளுடைய கைபேசி அடித்தது. சைக்கிளை வாங்க வருகிறவர், விலாசம் கேட்டார்.

"அது குடுக்கறதா இல்லைங்க, மன்னிச்சுக்குங்க." பிறகு சுவரில் சாய்ந்து நின்ற என் சைக்கிளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "ஆனா வீட்டுல இன்னொண்ணு இருக்கு. ஆம்பிளைங்க ஓட்டறது. நாலு வருஷம் ஆச்சு, ஆனா எதிர்க்காத்தே பட்டதில்ல. புதுசாவே இருக்கும், வந்து பாருங்க."