ஜமக்காள உறை

மூன்றாவது முறையும் என் லோடு வண்டி பவானிப் பாலத்துக்கு ஏறும் மேட்டிலேயே நின்றது. பேட்டரியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. சுமையும் தறிக்கு நூல் சுற்றிய பாவு உருளைகள் எட்டுதான். பின்னால் பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. இறங்கிப் போய் நாலு வார்த்தை கேட்கலாம் என்று ஆத்திரம் வந்தது. கேட்டால் வண்டி ஓடிவிடுமா?

என் வீட்டுக்காரர் செங்கோடனுக்குப் போன் செய்தேன். குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிறார்.

"தறி ஓடிட்டிருக்குது உஷா, நிறுத்த முடியாது. ஆராச்சும் தள்ளி உடுவாங்க, கேட்டுப் பாரு."

காய்ச்சலிலும் தறியை நிறுத்தாத மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் டீக்கடையில் நின்ற நாலு பேர்தான் தள்ளிவிட்டார்கள்.

பாவு அனுப்பும் காளியப்பன் அன்றே சொல்லிவிட்டார். "இன்னொருக்கா மேட்டுல நின்னுச்சுன்னா டீசல் வண்டியக் கூப்பிட்டுக்குவனுங்க. அங்க பாவு இல்லாம தறிக சும்மா நிக்குதுங்க."

அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் லோடு போய்விட்டால் என் வண்டிக்கு வேறு வேலை இல்லை.

மெக்கானிக் நவநீதகிருஷ்ணன் சீட்டைத் தூக்கிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "ஏனுங்கக்கா, சித்திரை வெயில்ல இதுக்கு எதுக்குங்க ஜமக்காளம் போர்த்தி வெச்சிருக்கீங்க?"

மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலர் அங்கேதான் இருக்கிறது. அலுமினியப் பெட்டி, முதுகு முழுக்க வரிவரியாகத் தகடுகள். வண்டி வாங்கிய வாரமே செங்கோடன் பவானி ஜமக்காளத் துண்டில் அதற்கு உறை தைத்துப் போட்டார், கரை கூடப் பொருந்தி வரும்படி. தறிக்காரர்களுக்குப் பஞ்சுதான் எதிரி. எங்கள் தெருவில் டிவிக்கும் உறை உண்டு, மிக்ஸிக்கும் உறை உண்டு.

"சுமையோட மேடு ஏறுறப்ப மோட்டாரு கரண்ட்டக் கண்டபடி இழுக்குமுங்க. அத்தனையும் இதுக்குள்ளதான் போகுது. அந்தச் சூட்டை இந்தத் தகடுகதான் காத்துல உடோணும். மூடி வெச்சா எங்க போகும்? கெட்டுப் போயிரக் கூடாதுன்னு தானா நின்னுக்குது."

உறையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "பஞ்சு அடைச்சாலும் இதே கதைதானுங்க. தினமும் பிரஷ் போடுங்க."

திட்டுவதற்கென்று வழி நெடுக வார்த்தை சேர்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். செங்கோடன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லதுக்குத்தான் தெச்சேன்" என்றார்.

திட்ட வாய் வரவில்லை. பாவமாக இருந்தது.

"நாளைக்கு ஏறிருமா?" என்று அவரே கேட்டார்.

"ஏறுனாத்தானுங்க தெரியும்."

மறுநாள் உச்சி வெயில், அதே எட்டு உருளை. பாதி மேட்டில் ஒரு மின்கம்பம் இருக்கிறது. மூன்று முறையும் வண்டி நின்றது அதன் பக்கத்தில்தான். இன்று அங்கே ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தள்ளுவதற்குத் தயாராக நின்றுகொண்டிருந்தார். செங்கோடன். சட்டையெல்லாம் பஞ்சு. தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கால் தானாக பிரேக்குக்குப் போனது.

"நிறுத்தாத, போ!" என்று கத்தினார்.

நான் நிறுத்தவில்லை. வண்டி கம்பத்தைத் தாண்டி ஏறியது. கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடி வந்துகொண்டிருந்தார்.