வடக்கு அழிந்த கல்

1

இந்தக் கதை ஓர் உப்புமாங்காய் ஜாடிக்குள்ளிருந்து எடுத்தது. மட்டாஞ்சேரியில் என் வீட்டுக்குக் கீழே குடியிருக்கும் காளியம்மை, மாங்காய் மிதக்காமலிருக்க ஒரு கல்லை ஜாடியில் வைத்திருந்தார். அது அவர் மகள் அமுதவள்ளியின் ஆராய்ச்சிக் கல். நான் கண்டது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பூமி... (வேண்டாம், பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது.)

சுக்கு மண்டிகளின் நெடி ஏறிய தெருவில் அமுதவள்ளி... (மட்டாஞ்சேரி என்றாலே சுக்குதானா? அடித்தாயிற்று.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். பாறை பிளந்து இரு பக்கமும் உரசி நகரும்போது, உரசிய பரப்பில் கீறல்கள் விழும். கீறல் ஓடும் திசையை வைத்து, அந்தக் காலத்தில் பூமியை எந்தப் பக்கத்திலிருந்து விசை அழுத்தியது என்று கணக்கிடலாம். எவ்வளவு அழுத்தியது என்று கீறல் சொல்லாது. திசையைச் சொல்வதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: கல் பாறையில் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். அதனால் பெயர்ப்பதற்கு முன்பே கல்மேல் கிடைமட்டத்தைக் காட்ட ஒரு கோடும் வடக்கைக் காட்ட ஓர் அம்பும் போட்டுக்கொள்வார்கள்.

அமுதவள்ளியும் போட்டாள், மூவாற்றுப்புழைப் பக்கத்துக் குவாரியில், மழை இறங்கிய நேரத்தில். மற்ற அளவுகளை வீட்டில் எடுத்துக்கொள்ளலாம் என்று கல்லையே கொண்டுவந்தாள். அதில் ஒரு கீறலின் மேல் இன்னொரு கீறல். அடியில் உள்ள பழைய கீறல் வேறெந்தக் கல்லிலும் அவளுக்குக் கிடைக்கவில்லை. மறுநாளே அந்தப் பாறைமுகத்தை வெடிவைத்து எடுத்துவிட்டார்கள். அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் இந்த ஒரு கல்லை நம்பித்தான் நிற்கிறது.

(போட்டோ எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். போன் மழைக்குப் பயந்து பாலிதீன் உறைக்குள் இருந்தது. தயவுசெய்து நம்புங்கள், இல்லாவிட்டால் கதை இங்கேயே முடிந்துவிடும்.)

3

"அம்மே, இதுல ஒரு அம்பு இருந்துச்சே?"

"இருந்துச்சு. சோப்புப் பொடி போட்டு நாரால தேச்சேன், நல்லா வெளுத்துப் போச்சு. அழுக்கோட மாங்காய்க்கு மேல வைக்கப் பற்றுமா?"

மகளின் முகம் போன போக்கைப் பார்த்ததும் காளியம்மைக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"பயப்படாதே மோளே. எனக்கு நல்ல ஓர்மை இருக்கு. இந்த மூலையப் பார்த்துத்தான் இருந்துச்சு. சத்தியமா."

அமுதவள்ளியின் நினைவில் அம்பு எதிர்மூலையைப் பார்த்திருந்தது. அப்படித்தான் அவள் நினைக்கிறாள்.

4

காளியம்மையை முதலில் விவரம் தெரியாதவராக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். மகளின் உழைப்பைத் தன் கையாலேயே கழுவிவிட்டோம் என்று தெரிந்த தாய்க்கு அந்த நேரத்தில் ஏதோ ஒரு மூலை வேண்டியிருந்தது. பாவமாக இருக்கிறது எனக்கு. அமுதவள்ளிக்கும் இது தெரியும். அம்மா சொன்ன மூலையை ஏற்றால் அத்தியாயம் பிழைக்கும், அம்மாவும் பிழைப்பார். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

ஒரு முடிவு: அம்மா சொன்னபடியே அம்பை வரைகிறாள். (வரைவாளா? நான் வளர்த்த அமுதவள்ளி வரைய மாட்டாள்.)

இன்னொன்று: "போனாப் போகட்டும் அம்மே" என்று சிரித்து, கல்லைத் திரும்ப ஜாடியில் வைக்கிறாள். (அந்தச் சிரிப்பைக் காளியம்மை நம்புவாரா?)

எழுதுகிறவன் நான்தானே, அம்பு எங்கே இருந்தது என்று எனக்காவது தெரிய வேண்டாமா? இரண்டாம் பகுதியைத் திரும்பப் படித்தேன். அம்பு போட்டாள் என்றுதான் இருக்கிறது. எந்த மூலையை நோக்கி என்று நான் எழுதவே இல்லை. இப்போது எழுதினால் அதுவும் காளியம்மையின் சத்தியம்தான்.

5

கல் மேசைமேல் இருக்கிறது. ஜாடியில் மாங்காய் மிதக்கத் தொடங்கிவிட்டது. அமுதவள்ளி மார்க்கரின் மூடியைக் கழற்றிவிட்டாள். கதவோரம் நின்ற காளியம்மை கிட்டே வந்து, எந்த மூலை என்று இன்னொரு முறை விரலால் காட்டுகிறார்.

இந்த முறை வேறு மூலை.

அமுதவள்ளி அதைக் கவனித்துவிட்டாள். காளியம்மை கவனிக்கவில்லை. இனி அந்தப் பெண் தன் அம்மாவிடம் என்ன சொல்ல வேண்டும்? எனக்கு வரவில்லை. மார்க்கர் காய்வதற்குள் நீங்கள் சொல்லுங்கள்.