மத்தியான மருந்து

பிரியாவைக் குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றியபோதுதான் பொற்கொடி பார்த்தாள். குழந்தையின் முதுகில் சிவப்புச் சிவப்பாகத் திட்டுகள் எழும்பியிருந்தன. உடனே சட்டையைத் திரும்ப மாட்டினாள். அதற்குள் தெய்வாத்தாள் பார்த்துவிட்டாள்.

தெய்வாத்தாள் அவள் கணவன் கௌதமனுடைய அண்ணன் மனைவி. ஒரே வாசல், ஒரே அடுப்பு. அவள் பார்த்துவிட்டால் வீடே பார்த்த மாதிரி.

"ஆத்தா வந்திருக்கறா." கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தொண்டைல கிருமிங்க அக்கா. அந்தக் காய்ச்சலுதான். டாக்டரம்மா சொன்னாங்கல்ல."

"கம்பம் நட்டு ஊரே வெரதம் இருக்குது. இப்ப மேலுக்கு எழும்புனா என்னன்னு ஆட்டுக்குட்டியக் கேட்டாக்கூடச் சொல்லும். நீ படிச்சவ, உனக்குத்தான் தெரியல."

மாரியம்மன் கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால் நோன்பு முடிகிறவரை அந்த ஊரில் உடம்பில் எது எழும்பினாலும் அம்மைதான். அம்மைக்கு வேப்பிலை உண்டு, இளநீர் உண்டு, மருந்து கிடையாது. தெய்வாத்தாள் நிலைப்படியில் வேப்பந்தழை செருகினாள். தாளிக்க வைத்திருந்த எண்ணெயை இறக்கினாள். மருந்துப் பாட்டிலை எடுத்துப் பரண்மேல் சோளமூட்டைக்குப் பின்னால் வைத்தாள்.

கௌதமன் தறிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பொற்கொடி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நங்கையா சொல்றதக் கேளு," என்றான் அண்ணியைக் காட்டி. "அதுதான் காய்ச்சல் உட்டிருச்சல்ல."

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவிநாசி டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பாட்டிலில் இருக்கும் மருந்துப் பொடியில் காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு வேளையும் குலுக்க வேண்டும். வீட்டுக் கரண்டி ஆகாது, மூடியில்தான் அளக்க வேண்டும். காய்ச்சல் விட்டதென்று பாதியில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி மறுபடியும் தலையெடுக்கும்.

மத்தியானம் தெய்வாத்தாள் குடத்தில் மஞ்சள் தண்ணீர் எடுத்துக்கொண்டு கம்பத்துக்கு ஊற்றப் போனாள். அவள் தலை சந்து திரும்பியதும் பொற்கொடி பரணில் ஏறினாள். பாட்டிலைக் குலுக்கினாள். மூடியில் ஊற்றிக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது.

"பெரிம்மா வேண்டாம்னாங்க," என்றாள் பிரியா.

"பெரிம்மாகிட்டச் சொல்லக் கூடாது. குடி கண்ணு."

குடித்தாள். உதட்டை நக்கினாள். முதுகைச் சுவரில் தேய்த்தாள். "அரிக்குதும்மா."

"போயிரும்."

பாட்டில் பழைய இடத்துக்குப் போனது. பொற்கொடியால் உட்கார முடியவில்லை. ஜெயித்த மாதிரியும் இருந்தது, திருடிய மாதிரியும் இருந்தது. சமையல்கட்டுக்குப் போனாள், வாசலுக்கு வந்தாள், போன வேலை மறந்து திரும்பினாள். கோயில் பக்கம் மேளம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

பிரியாவின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். முதுகில் இருந்த திட்டுகளில் பாதியைக் காணோம். வயிற்றில் புதிதாக, உள்ளங்கை அகலத்துக்குத் தடித்திருந்தன. அம்மை இப்படி இடம் மாறுமா? அம்மைக்கு நீர் கோக்கும். இதில் நீர் இல்லை. கொசு கடித்த இடம் பெரிதாக வீங்கிய மாதிரி இருந்தது.

தெய்வாத்தாள் வெறுங்குடத்தோடு வந்தாள். கௌதமனும் சாப்பிட வந்தான். சோற்றில் கை வைத்தவன் குழந்தையைப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"ஏண்டி, உதடு என்ன இப்படி இருக்குது?"

மேலுதடு வீங்கி மடங்கி வெளியே வந்திருந்தது. பிரியா இருமினாள். இருமலுக்கு நடுவே விசில் மாதிரி ஒரு சத்தம்.

"ஆத்தா கோவமா இருக்கறா," என்றாள் தெய்வாத்தாள். "என்னமோ தீட்டுப் பட்டிருக்குது. தழை தண்ணி கொண்டா."

பொற்கொடி தழைக்குப் போகவில்லை. பரணில் ஏறினாள். பாட்டிலை எடுத்து மடியில் செருகிக்கொண்டு குழந்தையைத் தூக்கினாள்.

"வண்டிய எடுங்க."

"அம்மை போட்ட கொழந்தைய ஊர் தாண்டிக் கொண்டு போவாங்களா?" தெய்வாத்தாள் குறுக்கே நின்றாள். "அதுவும் கம்பத்து வழியா?"

"தள்ளுங்கக்கா. மூச்சு உடக் கஷ்டப்படறா."

தெய்வாத்தாளும் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். தள்ளி நின்றாள்.

கௌதமன் மொபெட்டை வாய்க்கால் மேட்டுப் பக்கம் திருப்பினான். கோயிலைச் சுற்றிக்கொண்டு போகும் வழி அது.

"ஏனுங்க, நேராப் போங்க."

"அவத்த கம்பம் இருக்குதுடி."

"நேராப் போங்கன்னா!"

போனான். கோயில் முன்னால் வேகத்தைக் குறைத்து ஒரு காலால் செருப்பைக் கழற்றப் பார்த்தான். பொற்கொடி அவன் முதுகில் குத்தினாள். கூட்டம் விலகியது. ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது.

டாக்டரம்மா குழந்தையைக் கண்டதும் வேறு எதுவும் கேட்கவில்லை. மார்பில் குழல் வைத்தாள். நர்ஸ் மருந்துக் குப்பியை உடைத்தாள். தொடையில் ஊசி போட்டார்கள், மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். பிரியா அழுதாள். அழுகைக்கு மூச்சு போதவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வந்தது. சத்தமாக அழுதாள்.

டாக்டரம்மா நாடியை விடாமல் பிடித்துக்கொண்டே கேட்டாள். "மருந்த எப்ப நிறுத்துனீங்க?"

"காலைலயே நிறுத்திப்போட்டமுங்க," என்றான் கௌதமன். "தடிப்பு பாத்ததும்."

"அப்புறம் ஒரு வேளைகூடக் குடுக்கல?"

"இல்லீங்க."

"நிறுத்துன பிறகு இவ்வளவு கூடியிருக்குது." அவள் புருவம் சுருங்கியது. "வேற என்ன சாப்பிட்டா? பூச்சி ஏதாவது கடிச்சுதா? யோசிச்சுச் சொல்லுங்க. இவளுக்கு எது ஆகாதுன்னு தெரியலைன்னா நாளைக்கு நானே அதக் குடுத்துருவேன்."

கௌதமன் இளநீரைச் சொன்னான், வேப்பிலையைச் சொன்னான். ஒவ்வொன்றாக யோசித்து நேர்மையாகச் சொன்னான். பொற்கொடி மடியிலிருந்து பாட்டிலை எடுத்தாள்.

"மத்தியானம் குடுத்தேனுங்க."

கௌதமன் திரும்பினான்.

"தடிச்சது தெரிஞ்சுதான் குடுத்தேன். யாருக்கும் தெரியாம. குடுத்த கொஞ்ச நேரத்துல உதடு வீங்கிருச்சு."

டாக்டரம்மா பாட்டிலை வாங்கி மேசையில் வைத்தாள். "சரி. இதுதான்."

"நீங்கதானுங்க நிறுத்தக் கூடாதுன்னீங்க," என்றாள் பொற்கொடி.

"காய்ச்சல் உட்டுதுன்னு நிறுத்தாதீங்கன்னேன். தடிச்சா ஒரு சொட்டுக்கூடக் குடுக்காம ஓடி வாங்கன்னும் சொல்லியிருக்கோணும். சொல்லல." பாட்டிலின் மேல் விரலை வைத்தாள். "இந்த மருந்து பேரை மனப்பாடம் பண்ணிக்குங்க. எந்த டாக்டர்கிட்டப் போனாலும் மொதல்ல அதச் சொல்லுங்க. அவ பெரியவளானா அவளும் சொல்லோணும்."

இரவு அங்கேயே வைத்திருந்தார்கள். கௌதமன் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தான். விடிந்த பிறகுதான் பேசினான்.

"நங்கையாகிட்ட என்னன்னு சொல்றது?"

"நானே சொல்லிக்கறேன்."

வீட்டு வாசலில் வைத்தே சொன்னாள். தெய்வாத்தாள் கடைசி வரை கேட்டாள்.

"நான் அப்பவே வேண்டாம்னு எடுத்து வெச்சனா இல்லியா?"

"எடுத்து வெச்சீங்கக்கா. டாக்டர்கிட்டப் போவவும் வேண்டாம்னீங்க."

தெய்வாத்தாள் கையை நீட்டினாள். குழந்தையை வாங்கிக்கொண்டாள். உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். "ஆத்தாதான் காப்பாத்துனா," என்று குழந்தையிடம் சொன்னாள்.

தொண்டைக் கிருமி இன்னும் சாகவில்லை. வேறு வகை மருந்து ஒன்று வந்திருந்தது. பொற்கொடி அதை நடு வீட்டில், எல்லோரும் பார்க்க, அளந்து கொடுத்தாள். பிரியா முகத்தைச் சுளித்து விழுங்கினாள்.

பிறகு யாரும் வேலைக்கு நகரவில்லை. பொற்கொடி சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். தெய்வாத்தாள் வயிற்றைப் பார்த்தாள். இடம் மாறி உட்கார்ந்து மறுபடி பார்த்தார்கள். கௌதமன் கதவருகே ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றான்.

"குளுருது. சட்டைய உடுங்க," என்றாள் பிரியா.

"பொறு சாமி," என்றாள் தெய்வாத்தாள். "இன்னுங் கொஞ்ச நேரம்."