இஞ்சி பிஸ்கற் புடிங்

1988 டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்குத் தவநாயகி வீட்டுக்கு வந்த பிஸ்கற் டின்கள் ஏழு. சொக்கிளேற் பூசியவற்றைப் பிள்ளைகள் அன்றே ஒரு கை பார்த்துவிட்டார்கள். இஞ்சி பிஸ்கற்றை மட்டும் யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பல்லுக்குப் பயந்து கணவர் சிவானந்தனும் ஒதுங்கிக்கொண்டார். தின்கிற சாமானை எறிய அவளுக்கு மனம் வராது.

அந்த டின் இருந்த அலுமாரியில், செல்வமலர் பலகாரம் போட்டுத் தந்த கண்ணாடிப் பாத்திரமும் இரண்டு மாதமாகக் கிடந்தது. ஸ்ட்ரெதமில் அடுத்த தெருவில் இருக்கும் செல்வமலர்தான் அவளுக்கு லண்டனில் உள்ள ஒரே சிநேகிதி. ஐப்பசியில் விம்பிள்டன் கோயிலில், நாலு பேருக்கு முன்னால் தவநாயகியைப் பார்த்து, "உன்ர பொங்கலுக்கு இனிப்புக் கூடிப்போச்சு" என்று சொல்லித் தொலைத்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

பாத்திரத்தைக் கொடுத்துவிடலாம்தான். ஆனால் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் ஆட்களிடம் கிடையாது. அவளுக்கென்று அடுப்பு மூட்டவோ ரோசம் விடவில்லை. உண்மையில் அவள் இல்லாமல் தவநாயகிக்குப் பொழுதே போகவில்லை.

"புடிங் செய்யுமன். அதுக்கு அடுப்பு மூட்டத் தேவையில்லையே," என்றார் சிவானந்தன்.

அந்த நியாயம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பட்டர், ஐசிங் சீனி, கொக்கோ மூன்றையும் அடித்துக் குழைத்தாள். பிஸ்கற்றைப் பாலில் தோய்த்து, இடையிடையே அந்தக் குழையலைப் பூசி, செல்வமலரின் பாத்திரத்தில் அடுக்கி ஃப்ரிட்ஜில் வைத்தாள். மறுநாள் பார்த்தால் கல்லாக இருந்த பிஸ்கற் கேக் மாதிரி மெதுமெதுவென்றிருந்தது. மூடிமேல் தன் கரண்டி ஒன்றையும் வைத்தாள்.

"கரண்டி ஏன்? அவையிட்ட இல்லையோ?"

"சும்மா கொண்டுபோய்க் குடுங்கோ."

சிவானந்தன் ஞாயிறன்று கொடுத்துவிட்டு வந்தார். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று, ஒரு போன்கூட இல்லை. குப்பையில் கொட்டியிருப்பாள் என்று நினைத்து நினைத்துத் தவநாயகிக்கு அழுகையே வந்துவிட்டது.

புதன்கிழமை காலை மணி அடித்தது. வாசலில் செல்வமலர். ஒரு கையில் கரண்டி, மறு கையில் பெரிய டின்.

"வெறுங்கரண்டியைக் கொண்டு வாறதோ?" என்று டின்னை நீட்டினாள்.

திறந்தால் விளிம்புவரை இஞ்சி பிஸ்கற்.

"எங்கட வீட்டிலயும் ஒருத்தரும் தொடுகினமில்லை. புடிங் நல்லாயிருந்தது. இனிப்பு மட்டும் கொஞ்சம் கூட."

தவநாயகி டின்னை மூடினாள்.

"உள்ள வா. மத்தியானம் இஞ்சதான் சாப்பாடு," என்று சொல்லிவிட்டுப் போய் அடுப்பை மூட்டினாள்.