உங்கள் வாசலை மறக்க மாட்டேன்

நர்சிங் இரண்டாம் ஆண்டு படித்த தையல்காரி மகள் எந்தக் கதவைத் திறந்தாலும், அது மரக்கடை முதலாளியின் முன்கூடத்தில் போய்த்தான் திறந்தது. கோளாறு கதவில் இல்லை, கடிதத்தில். அவள் படிப்புக்கு உதவித்தொகை தந்தவர் முதலாளி. நன்றிக் கடிதத்தில் “மனசைத் தொடுற மாதிரி ஒரு வரி சேரும்மா” என்று கல்லூரி குமாஸ்தா சொல்லப்போக, “உயிருள்ளவரை உங்கள் வாசலை மறக்க மாட்டேன்” என்று எழுதிவிட்டாள். கடிதம் போய்ச் சேர்ந்த செவ்வாய்க்கிழமை, விடுதிக் குளியலறைக் கதவைத் தள்ளியவள், தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாக முதலாளியின் சோபாவுக்கு எதிரே நின்றாள்.

முதலாளி ஆச்சரியப்படவில்லை. நன்றியுள்ள பெண் அடிக்கடி வரத்தானே செய்வாள்? “வாம்மா, வா” என்று அழைத்து, வந்திருந்தவர்களிடம் “நான் படிக்க வைக்கிற பொண்ணு” என்று காட்டினார். அவள் கைகூப்பினாள். பிறகு வேலைக்காரம்மா கதவைத் திறந்துவிட, பஸ் பிடித்துக் கல்லூரிக்குத் திரும்பினாள். பிறர் திறந்த கதவு மட்டும் ஒழுங்காக இருந்தது. தோழிகள் முறைவைத்துத் திறந்துவிட்டார்கள். அவர்களுக்கும் வேலை இருக்காதா? வருகைப்பதிவு இறங்கிக்கொண்டே போனது. கைகூப்பிக் கூப்பி அவளுக்கு மூச்சு முட்டியது. அந்த மனிதர்மேல் நிஜமாகவே நன்றி இருந்ததுதான் கொடுமை. வெறுக்கவாவது முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். “அந்த வரி வேண்டாம்னு இன்னொரு கடுதாசி போட்டுடறேம்மா” என்றாள். அம்மா ஊசியில் நூல் கோத்தபடியே, “நன்றி கெட்டவள்னு பேர் வாங்கவா உன்னை அனுப்பினேன்?” என்றாள்.

செய்முறைத் தேர்வு கல்லூரி மருத்துவமனையின் ஆறாம் வார்டில் நடந்தது. மருந்து அலமாரிக்கும் கதவு உண்டு என்பதைப் பதற்றத்தில் மறந்து, தானே திறந்து கையை விட்டவள், மருந்துக்குப் பதில் முதலாளியின் மூக்குக்கண்ணாடியோடு திரும்பினாள். தேர்வு போயிற்று. தலைமை நர்ஸ் எதற்கும் அசராதவள். “பொண்ணு கை நல்ல கை. கதவுதானே கோளாறு? கழட்டுங்க” என்றாள். தச்சர் வந்து ஆறாம் வார்டின் கதவுகளை, அலமாரிக் கதவு உட்பட, கழற்றிப் பச்சைத் திரை மாட்டினார். மறுதேர்வில் தேறியவள் அந்த வார்டிலேயே வேலைக்கு அமர்ந்தாள். மூன்று முறை பதவி உயர்வு வந்தது. புது இடத்தில் எத்தனை கதவு இருக்குமோ என்று பயந்து மூன்றையும் மறுத்தாள். இருபத்தேழு வருடம் அப்படியே ஓடிற்று.

அடுத்த வருடம் முதலாளியை ஸ்ட்ரெச்சரில் அதே வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். இடுப்பெலும்பு முறிவு. பத்தொன்பது நாள் அவரைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, புண் வராமல் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தையாய் அழுதார். “சாகிற வரைக்கும் உங்க வாசலை மறக்க மாட்டேன்மா.”

“ஐயா, ஐயா, அப்படிச் சொல்லாதீங்க!” என்று அவள் பதறினாள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால்?

மறுநாள் காலை பச்சைத் திரையை விலக்கிக்கொண்டு, தோளில் துண்டும் ஒரு கையில் ஊன்றுகோலும் மறுகையில் சோப்பு டப்பாவுமாக முதலாளி வந்து நின்றார். “வாங்க ஐயா” என்று அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, நான்காம் கட்டிலுக்கு ஊசி போடப் போனாள்.