இடது காலின் அளவு

அத்தான் தையல்காரர். வைரஸ் காய்ச்சல் விட்ட கையோடு மிஷினில் உட்கார்ந்துவிட்டார். அவர் போட்டிருந்த பேண்ட்டின் இடது கால் மட்டும் இறுக்கிப் பிடித்தது. தையலைப் பிரித்து அகலமாக்கினார். மறுநாளும் பிடித்தது, மறுபடியும் பிரித்தார்.

"துணி சுருங்கிடுச்சு" என்றார்.

"ஒரு கால் மட்டும் சுருங்குற துணியை எந்தக் கடையில வாங்குனீங்க?" என்றாள் அக்கா.

அவர் முகம் மாறியது. கழுத்தில் கிடந்த டேப்பால் இரண்டு கெண்டைக்கால்களையும் அளந்தார். திரும்பவும் அளந்தார். தன் டேப்பையே அவர் சந்தேகப்பட்டு நான் பார்த்ததில்லை. இடது கால் வீங்கிச் சிவந்து, தொட்டால் சுட்டது.

"மச்சான், கொஞ்சம் எண்ணெய் போட்டு நீவி விடுடா."

நானும் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிவிட்டேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த வேகத்தில் அது தரையில் கொட்டியது.

"தொடாதே! முதல்ல ஆஸ்பத்திரி!"

ஸ்கேன் பார்த்த டாக்டர் சொன்னார்: "காய்ச்சலுக்கு அப்புறம் சிலருக்கு இப்படி கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியாகும். நீவியிருந்தா, கட்டி நகர்ந்து நுரையீரலை அடைச்சிருக்கலாம். இப்பவும் ஆபத்துதான். மூச்சு வாங்குனா உடனே கூப்பிடுங்க."

நான் கைகளைப் பாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டேன்.

அங்கேயே சேர்த்து, ரத்தம் மேலும் உறையாமலிருக்க ஊசி போடத் தொடங்கினார்கள். தினமும் காலையில் டாக்டர் காலை அளப்பார், அத்தான் அக்காவின் கையை நசுக்குவார். அளவு இறங்கவே இல்லை. பிறகு ஒரு நாள், "குறைஞ்சிருக்கு" என்றார் டாக்டர்.

அத்தான் நம்பவில்லை. "டேப்பைக் குடுங்க."

தானே அளந்தார். திரும்பவும் அளந்தார். அதற்குப் பிறகுதான் அக்காவின் கையை விட்டார்.

"அந்தப் பேண்ட்டை எடுத்து வை. மறுபடியும் பிடிச்சுத் தைக்கணும்."