சுறா மாதிரி இருங்க

எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்தில், புதிதாய்ச் சேர்ந்தவர்களை உட்காரவைத்து மேனேஜர் பத்ரிநாத் முழங்கிக்கொண்டிருந்தார். “சுறா மாதிரி இருங்க! பிறந்த நாள்லேர்ந்தே அதுக்கு யார்கிட்டயும் பயம் கிடையாது.”

கடலுயிரியல் படித்துவிட்டு வயிற்றுப்பாட்டுக்கு இங்கே வந்த கிருத்திகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“தப்பு சார். குட்டிச் சுறா ஆழமில்லாத தண்ணியில, அலையாத்தி வேருக்குள்ள பதுங்கிக்கும். இல்லேன்னா பெரிய சுறாவே தின்னுடும். அந்த இடுக்குல பெருசால நுழைய முடியாது.”

“நெகட்டிவா பேசாதேம்மா.”

அப்போது, “போன வாரமே முடிக்கச் சொன்ன வேலை என்னாச்சு?” என்று கேட்டபடி டைரக்டர் உள்ளே வந்தார். பத்ரிநாத் பாய்ந்துபோய், ஒரே ஒருவர் நிற்கக்கூடிய ஃபோன் அறைக்குள் புகுந்து, யாரும் அழைக்காத ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டார்.

கண்ணாடி வழியே கிருத்திகா அவரைப் பார்த்தாள். சுறாக்குட்டியாவது வளர்ந்ததும் வெளியே வந்துவிடும். இவருக்கு ஐம்பத்திரண்டு வயது.